ஏழுமலை அடிக்காத கார்டு

கன்டெய்னர் யார்டில் காலை ஷிப்ட் முடிந்து திருவொற்றியூரில் பேருந்துக்கு நின்றிருந்தேன். எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் தாஸ் அழைத்தான். "மாமு, நம்ம ஏழுமலை பூட்டான்டா. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிகினே வுழுந்துட்டானாம்." எனக்கு அழுகை வரவில்லை, அசதிதான் வந்தது. வந்த பேருந்தை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களில் பலர் அவனை மேடையில் பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். கல்யாணக் கச்சேரிகளில் பதினெட்டு வருடம் எனக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து ரிதம் கிட்டார் அடித்தான். நான் லீட் கிட்டாரில் சோலோ வாசிக்கும்போது அடியில் கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கொத்துகளை, அடித்துத் தாங்கிப் பிடிப்பது அவன் வேலை. கைதட்டல் எனக்கு.

காலடிப்பேட்டையில் ஒரு வரவேற்பில் நான் விரல் வேகத்தைக் காட்டி வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். சட்டென்று அவன் கையை நிறுத்திவிட்டான். பாட்டே காணாமல் போனது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் விழித்தார்கள். கீழே இறங்கியதும் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"கோச்சுக்காத நைனா. கார்டு மாறிகினே கீது, நீ மாறவே இல்ல. நான் இல்லாங்காட்டியும் நான் அடிக்கறது உன் கையில கேக்கணும்" என்றான். இரண்டு மாதம் அவனோடு பேசவில்லை.

பிறகு நானே காத்திவாக்கத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் சொல்லிக்கொடுத்த ஆர்பெஜியோ பெரிய மந்திரமில்லை. கார்டை மொத்தமாக அடிக்காமல் அதன் சுரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிப்பது, அவ்வளவுதான். ஞாயிறு மதியங்களில் நாலே கார்டுகளை, ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பில் செருகாமலே பழகினோம். எலெக்ட்ரிக் கிட்டார் கொசு மாதிரி முனகும். "சத்தம் இருந்தா நீ ஏமாத்துவ" என்பான். அனல்மின் நிலையத்திலிருந்து பறந்து வந்து கம்பியில் படிந்த சாம்பலை லுங்கி நுனியால் துடைத்துவிட்டு, மறுபடி முதல் கார்டு. எனக்குச் சலித்துப்போனது. நாலு ஞாயிறோடு நின்றுவிட்டேன். ஏன் வரவில்லை என்று அவன் கேட்கவே இல்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது.

படத்திறப்பன்று என்னை வாசிக்கச் சொன்னார்கள். ஸ்டூலில் அவன் படம். வேகம் காட்ட உடம்பில் தெம்பில்லை. அந்த நாலு கார்டுகளையும் சுரம் சுரமாகப் பிரித்து வாசித்தேன். மூன்றாவதில் விரல் தடுக்கியது, திரும்பப் பிடித்தேன். முடிந்ததும் அவன் மனைவி மல்லிகா வந்தாள். "அவரு அடிக்கறது கேட்டுச்சுண்ணா" என்றாள்.

இப்போதெல்லாம் வேலை விட்டு வந்ததும், ஆம்ப்பில் செருகாமல், முதல் கார்டிலிருந்து தொடங்குகிறேன். விரல் நுனி எரிகிறது. அவனுடையதாக என்னிடம் இருப்பது நாலு ஞாயிறுப் பாடம் மட்டும்தான். ஐந்தாவது ஞாயிறு நான் போயிருக்க வேண்டும்.