பல்லுக்குள் தங்கிய ஊசி முனை

1958 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை. ஆஸ்டின் டவுனில் இருந்த டாக்டர் ராஜேந்திரனின் பல் கிளினிக்கை விட்டுத் தனக்கோடி போன நாள். அவள் படியிறங்கும்போது நான் நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்தேன். எனக்குப் பதினெட்டு வயது.

ஒன்பது வருடம் அங்கே உதவியாளாக இருந்தவள். பல்லைப் பிடுங்காமல் காப்பாற்ற, வேருக்குள் செத்துப்போன நரம்பை முடி போன்ற ஊசிகளால் சுரண்டி, மருந்து விட்டுக் கழுவுவார்கள். சுரண்டுவது டாக்டர். ஊசிகளைத் தேய்த்து, கிருமி சாக இருபது நிமிடம் கொதிக்க வைத்து, நுனியில் பஞ்சு திரித்துக் கொடுப்பது தனக்கோடி. வேருக்குள் விட்டெடுத்த பஞ்சை முகர்ந்து பார்ப்பாள். "நாத்தம் போகல சார், இன்னொருக்கா கழுவணும்" என்றால் அவர் கழுவுவார்.

அன்று என் கடைவாய்ப் பல்லுக்குள் 'டிக்' என்றது. டாக்டர் கையில் மிஞ்சிய ஊசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சார், ஊசி ஒடைஞ்சு உள்ளயே நின்னுடுச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் படம் புடிக்கணும்."

"தட்டுல ஒண்ணு கொறஞ்சா நீ எடுத்திருப்பே. பேஷன்ட் முன்னாடி என்ன பேச்சு? எத்தனை நாளா நடக்குது இது?"

"ஒரு பஞ்சு எடுத்ததில்ல சார் நானு. பாப்பா, நீயே சொல்லு. உள்ள சத்தம் கேட்டுச்சில்ல?"

கூட வந்திருந்த அம்மா என்னை முறைத்தாள். டாக்டர் அப்பாவின் கிளப் நண்பர். இல்லையென்று தலையாட்டினேன்.

வேறு கிளினிக்குகளுக்கு அவள் போய்ச் சேருமுன் திருடி என்ற பேர் போய்ச் சேர்ந்தது. ஸ்ரீராம்புரத்தில் ஊதுபத்தி உருட்ட உட்கார்ந்தாள். நான் லண்டன், நைரோபி, ரோம் என்று அலைந்தேன். வேறொரு பல்லுக்காக லண்டனில் எடுத்த எக்ஸ்ரேயில் அந்த முனை வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. சுற்றிலும் சீழே இல்லை, உங்கள் அதிர்ஷ்டம் என்றார் அந்த ஊர் டாக்டர்.

1965இல் ஊர் திரும்பியதும் அந்த எக்ஸ்ரே படத்தோடு ராஜேந்திரனிடம் போனேன். "பழைய கதை" என்றவர், அதை வெளிச்சத்தில் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. தனக்கோடியைத் தேடிப் போனேன். விரல்களெல்லாம் ஊதுபத்திக் கரி. படத்தை அவளும் தொடவில்லை.

"இப்ப எதுக்கும்மா? அன்னிக்கு வாயத் தொறந்துட்டுத்தானே கெடந்தே?"

படத்தை வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. அவள் மகள் வள்ளியம்மா எழுதியிருந்தாள்:

"அம்மா எழுதச் சொன்னது. அந்தப் பல் சீழ் பிடிக்காது. அது அம்மா கொதிக்க வைத்த ஊசி. இனி வீட்டுக்கு வர வேண்டாம்."