மூன்றாம் நாள் உடையும் கலயம்

அம்மாபேட்டைக்குப் பக்கத்திலிருந்த மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ராசப்பன் வாத்தியார் பத்தொன்பது வருஷம் கதை எழுதச் சொல்லிக் கொடுத்தார். கதைகள் என்று சொல்லக் கூடாது, ஒரே கதைதான். அப்பன் குடிப்பான். அம்மா அழுவாள். மகள் முழங்காலில் நின்று ஜெபிப்பாள். மூன்றாம் நாள் அப்பன் கள்ளுக் கலயத்தைப் போட்டு உடைத்துவிட்டு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்வான். இரண்டாம் நாளே உடைத்தால் அரை மார்க் குறையும். உடைக்காமலே விட்டால் சைபர்.

சொந்தக் கற்பனையை அவர் தடுத்ததே இல்லை. கலயத்தை வாசற்படியில் உடைப்பதா, அம்மிக்கல்லில் உடைப்பதா என்பதைப் பிள்ளைகளின் இஷ்டத்துக்கே விட்டிருந்தார்.

மிஷன் பத்திரிகை நடத்திய வெள்ளைக்காரத் துரைசானியம்மா இதையெல்லாம் வீட்டில் நடந்ததைச் சொல்லும் மெய்யான சாட்சி என்று நம்பி, கிறிஸ்துமஸுக்கு ஒன்றாக அச்சில் போட்டாள். அடியில் பொடி எழுத்தில் ‘ராசப்பன் ஆசிரியரின் வகுப்பில் எழுதியது’ என்றிருக்கும். அந்த ஒரு வரிதான் மனிதருக்குச் சொத்து, சுகம், மோட்சம் எல்லாம். வருஷா வருஷம் வெட்டி வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். சங்கீத அதிகாரம் வாசிக்கத் திறந்தால் அவர் பெயர்தான் முதலில் வந்து நிற்கும்.

1936இல் வந்தது தறிக்காரர் தண்டாயுதபாணியின் சின்ன மகள் கந்தம்மாளின் கதை. தண்டாயுதபாணி கள்ளைக் கண்ணால் பார்க்கவும் கூசுகிற மனுஷர். கந்தம்மாள் அதைச் சொன்னதற்கு, “கதைதானே சாமி, எழுது” என்றுவிட்டார் வாத்தியார். தகப்பன் பெயர், தெருப் பெயரோடு அச்சாகிவிட்டது.

அடுத்த அக்டோபரில் சேலம் ஜில்லாவில் சர்க்கார் கள்ளு, சாராயக் கடைகளை மூடியது. குடிகாரர்கள் தலையில் இடி விழுந்தது, ராசப்பன் தலையிலும்தான். கதைக்குப் பாவி கிடைக்கவில்லை. சேவற்கட்டுச் சூதாட்டத்தை வைத்து எழுதச் சொன்னார். பிள்ளைகள் சேவலைப் பற்றி நாலு பக்கம் எழுதி, மனந்திரும்புவதை ஒரே வரியில் முடித்தார்கள். திருத்திய வாத்தியாருக்கே சேவல் ஜெயிக்காதா என்றிருந்தது.

இந்த நேரம் பார்த்துத் தண்டாயுதபாணி பழைய பத்திரிகையும் கையுமாக வந்து நின்றார்.

“ஏனுங்க வாத்தியாரே, நான் எப்பங்க குடிச்சேன்? மதுவிலக்குக் கூட்டத்துல என்னை மேடையேத்தி, குடிச்சுத் திருந்துனவருன்னு மாலை போட்டாங்க. இல்லீங்கன்னேன். அடக்கமான மனுசன்னு கை தட்டுறாங்க! ராசிபுரத்து மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க என் பெரிய புள்ளைய வேண்டாம்னுட்டாங்க.”

“அது வெறும் கதைங்க.”

“அதையே அச்சுல சொல்லிப் போடுங்க.”

சொன்னால் இத்தனை வருஷச் சாட்சியும் பொய் என்றாகும். அப்புறம் அந்தப் பொடி எழுத்து ஏது? வாத்தியார் ஒரு வாரம் நாளைக் கடத்தினார். கந்தம்மாள் வகுப்பில் பேனாவைத் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டார்.

“எங்கக்கா அழுவறாங்க சார். எழுதுனா மூணாம் நாள் நிப்பாட்டிருவாங்களா?”

சுருக்கென்று தைத்தது. அன்று சாயங்காலம் பிள்ளைகளின் பெஞ்சியிலேயே உட்கார்ந்து எழுதினார்: ‘தண்டாயுதபாணி ஒரு நாளும் குடித்ததில்லை. குடித்தது என் தகப்பன், சங்ககிரி காளியண்ணன். முழங்காலில் நின்றது நான். என் வீட்டில் உடையாத கலயத்தை ஊரார் பிள்ளைகளைக் கொண்டு உடைக்க வைத்தேன். என் தகப்பன் அதை உடைக்காமலே செத்தார்.’

தண்டாயுதபாணி படித்துவிட்டுத் தாளைத் திருப்பி நீட்டினார்.

“என் பேரை மட்டும் சரி பண்ணுனாப் போதுங்களே. உங்க அப்பாரு பேரு எதுக்குங்க?”

“இருக்கட்டுங்க” என்றார் ராசப்பன்.

பத்திரிகை வந்தது. ராசிபுரத்துக்காரர்கள் வெற்றிலை பாக்கோடு திரும்பி வந்தார்கள். ராசப்பன் பிரித்துப் படித்தார். எல்லாம் எழுதியபடியே இருந்தது. கடைசி வாக்கியத்தை மட்டும் துரைசானியம்மா எடுத்துவிட்டு, ‘மூன்றாம் நாள் காளியண்ணனும் கலயத்தை உடைத்தார்’ என்று நல்லபடியாக முடித்திருந்தாள். அதற்கு அடியில், வழக்கம்போல் பொடி எழுத்தில் அவர் பெயர்.

கத்தரிக்கோலை எடுத்து அந்த வாக்கியத்தை வெட்டினார். கூடவே அடியில் இருந்த பெயரும் துண்டாகிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்காமல், மிச்சத்தை மட்டும் வேதப் புத்தகத்துக்குள் வைத்தார்.