கடற்காற்று முந்திவந்த மதியம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேம்புலி எனக்குப் பக்கத்து மெஷின்காரர். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். துப்பாக்கி என்றால் மட்டும் வாயில் பூட்டு. அவர் ஊரான வெள்ளானூரில் அவரைப்போல் குறி பார்க்க ஆளில்லை என்று ஊரே சொல்லும். இவரோ ஒன்றுமே தெரியாதவர்போல ஸ்க்ரூ பொறுக்கிக்கொண்டிருப்பார். எனக்கு எரிச்சலாக வரும். எழுபத்து மூன்றில் ஒரு கோடை மதியம், கரண்ட் போன நேரத்தில், அவராகவே சொன்னார்.

அறுபத்தாறு சித்திரை. அவரும் மனைவி நாகவல்லியும் முதல்முறையாகக் குத்தகைக்கு நிலம் எடுத்து வேர்க்கடலை போட்டிருந்தார்கள். ஒற்றைக் காட்டுப்பன்றி ஒன்று பாதியைக் கிளறித் தின்றுவிட்டது. மீதியும் போனால் மறுபடி அடுத்தவன் கழனியில் கூலிக்கு நிற்க வேண்டியதுதான். நாகவல்லி தாய்வீட்டுக்குக் கிளம்பிப் போன பிறகு, லைசென்ஸ் வைத்திருந்த நிலத்துக்காரர் கஜபதி தன் ரைஃபிளைக் கொடுத்தனுப்பினார். அவரோடு வேட்டைக்குப் போய்ப் போய் வேம்புலிக்குப் பழகிய துப்பாக்கிதான் அது.

ஏரி வற்றிக் கிடந்தது. எதிர்க்கரையோரம் கோரைக்கு நடுவே கொஞ்சம் சேறு. மதியத்தில் பன்றி அதில் புரள வரும். வேம்புலி தெற்குக் கரையில் கருவேல நிழலில் குப்புறப் படுத்தார். தண்ணீரே இல்லாத ஏரி முழுக்கக் கானல் அலையடித்தது. தூரத்துப் பனைகள் தரையை விட்டுப் பிரிந்து மிதந்தன. தான் விழித்திருக்கிறோமா என்றே அவருக்குச் சந்தேகமாக இருந்ததாம். கானல் எதையும் தூக்கிக் காட்டும். சூடேறிய காற்று லேசானது, அதில் குண்டும் கொஞ்சம் மேலேறும். அதனால் தாழ்த்திப் பிடித்தார். இடப்பக்கம் மேற்கிலிருந்து மேல்காற்று அனலாக அடித்து, குண்டை வலப்பக்கம் தள்ளும். ஒரு சிட்டிகை மண்ணை உதிர்த்துப் பார்த்து, குறியை ஒரு முழம் இடப்பக்கம் நகர்த்திக்கொண்டார்.

கோரைக்குள் கறுப்பாக ஒரு முதுகு அசைந்தது.

சுட்டார். விரல் அழுந்திய அதே கணம் அனல் நின்று, வலது கன்னத்தில் ஈரமாய்க் கடற்காற்று பட்டது. தினமும் வருவதுதான், அன்று முந்திவிட்டது. ஏற்கெனவே இடப்பக்கம் தள்ளிப் பிடித்த குண்டை அது இன்னும் இடப்பக்கமாகவே கொண்டுபோனது. இலக்கை விட்டு எங்கோ புழுதி எழுந்தது. காற்றைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்.

அப்போது அந்தப் பன்றி நிமிர்ந்தது. நிமிர்ந்து, கோரைக்கட்டு ஒன்றைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, கானலுக்குள் மிதந்தபடி அவரை நோக்கி நடந்து வந்தது.

நாகவல்லி சாயங்காலம்தான் வருவதாகச் சொல்லியிருந்தாள். பாய் முடையக் கோரை அறுத்துக்கொண்டு குறுக்கு வழியில் முன்னதாகவே திரும்பிவிட்டாள்.

வேம்புலி துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினார். பாதி ஏரியில், வெடித்த மண்ணில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதார். அவள் கோரைக்கட்டை இறக்கி வைத்தாள். வெடிச்சத்தம் அவளுக்கும் கேட்டிருந்தது.

"பன்னி தப்பிச்சிகிச்சா?"

அவர் தலையை ஆட்டினார். "காத்து மாறிட்ச்சி" என்றார்.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"உடுய்யா. காத்து மாறினா நீ இன்னா பண்ணுவே? அட்த்த தபா கரீக்ட்டா அடிச்சிக்கலாம்."