விடுமுறைக் கூட்டத்தில் தனபாலன் அண்ணனின் வேன்

பள்ளி விடுமுறை தொடங்கினால் மலாக்காவில் எல்லாருக்கும் கொண்டாட்டம். எங்கள் வேனில் இருப்பவர்களுக்கு மட்டும் கவலை. கோலாலம்பூர்க் கார்கள், ஜொகூர்க் கார்கள், பாலம் தாண்டி வரும் சிங்கப்பூர்க் கார்கள் எல்லாம் ஒரே நாளில் வந்து இறங்கிவிடும். சிவப்புக் கட்டடத்தின் முன்னால் படம் பிடிக்க வேண்டும், ஆற்றில் படகு ஏற வேண்டும், பொம்மை கட்டிப் பாட்டை அலறவிட்டு வரும் பெச்சா என்கிற மூன்று சக்கர மிதிவண்டியில் ஒரு சுற்றுப் போக வேண்டும், கடைசியில் கிளேபாங் கடற்கரைக்கு வந்து தேங்காய் ஷேக் குடிக்க வேண்டும். அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. வருடம் முழுக்க உழைத்துவிட்டுப் பிள்ளைகளோடு வருகிறார்கள். இருந்தாலும் எனக்கு எரிச்சல் வரும். அதை மறைக்கப் போவதில்லை.

நாங்கள் சிறுநீரகம் போனவர்கள். செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாளும் நண்பகல் பன்னிரண்டிலிருந்து நாலு மணிவரை நகரத்தில் ஒரு தர்ம டயாலிசிஸ் மையத்தில் இயந்திரத்தோடு கிடப்போம். அந்த நாலு மணி நேரத்தில்தான் உடம்பில் சேர்ந்த தண்ணீரும் கழிவும் வெளியேறும். தாமதமாகப் போனால் அவ்வளவு நேரம் போனதுதான். நாலரை மணிக்கு அடுத்த கூட்டம் வந்து வாசலில் உட்கார்ந்திருக்கும்.

எங்களை ஏற்றிப் போகும் வேனை ஓட்டுகிறவர்தான் தனபாலன் அண்ணன். அறுபத்து மூன்று வயது. முன்பு இருபத்திரண்டு வருடம் சுற்றுலா பஸ் ஓட்டியவர். பஸ்ஸில் தனியாக வழிகாட்டி இல்லாத நாள்களில் மைக்கையும் அவரே பிடித்துக்கொள்வார். சிவப்புக் கட்டடம் வந்ததும், "நீங்க வர்றீங்கன்னு வெக்கத்துல எப்படி செவந்து நிக்குது பாருங்க" என்பாராம். அதற்கு இருபத்திரண்டு வருடமும் சிரித்திருக்கிறார்கள். எங்களிடமும் சொல்லிப் பார்த்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

ஆனால் ஊரைக் காட்டுவதில் அவர் கெட்டிக்காரர். காலை எட்டு மணிக்குள் குன்றின்மேல் ஏறி இறங்கிவிட வேண்டும், உச்சிவெயிலில் ஆள்களை மியூசியத்துக்குள் தள்ளிவிட வேண்டும், படகுக்கு ஆறு மணிக்குமேல்தான் போக வேண்டும். "வெயில ஏமாத்தணும், கூட்டத்தையும் ஏமாத்தணும். ரெண்டும் தெரிஞ்சவன்தான் டிரைவர்" என்பார். எந்த நாளில் எந்தச் சாலை அடைக்கும், கம்பம் என்கிற மலாய்க் கிராமங்களில் எந்தச் சந்துக்குள் நுழைந்தால் எங்கே வெளியே வரலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவர் மனைவி ஜெயா அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போயின. வாரத்தில் மூன்று நாள் அக்காவைக் கொண்டுபோய் விட வேண்டும். கேமரன்மலைக்கும் பினாங்குக்கும் பஸ் ஓட்டுகிறவர் அதை எப்படிச் செய்வார்? மையத்துக்கு வேன் ஓட்ட ஆள் தேவைப்பட்டது. அண்ணன் பஸ்ஸை விட்டார். அன்றிலிருந்து ஒருநாள்கூட எங்களைத் தாமதமாகக் கொண்டு சேர்த்ததில்லை என்று அவருக்குப் பெருமை. அந்தப் பெருமை இந்த வருட ஜூன் மாதத்தோடு போயிற்று.

நான் திலீப். நாற்பத்து நாலு வயது. அலோர் காஜாவில் ஒரு லோரி கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தவன். உடம்பு விழுந்தபிறகு கிளேபாங்கில் தங்கை வீட்டில் இருக்கிறேன். வேனில் எனக்குப் பக்கத்தில் நைனா முகம்மது நானா. தெங்கேராவில் துணிக்கடை வைத்திருந்தவர், இப்போது மகள் ரபியாவோடு எங்கள் பக்கத்துத் தாமான் குடியிருப்புக்கு வந்துவிட்டார். முன்னிருக்கையில் ஜெயா அக்கா. எங்கள் வேனில் இவ்வளவு பேர்தான்.

விடுமுறையின் முதல் வியாழக்கிழமை நெரிசலில் மாட்டி, மூன்று பேருக்கும் இரண்டரை மணி நேரம்தான் கிடைத்தது. எனக்கும் நானாவுக்கும் கால் கொஞ்சம் வீங்கியது, அவ்வளவுதான். ஜெயா அக்காவுக்கு இதயமும் பலவீனம். அன்று ராத்திரி அவரால் படுக்க முடியவில்லையாம், தலையணையை அடுக்கிச் சாய்ந்தே இருந்தாராம். வெள்ளிக்கிழமை டாக்டர் பார்த்துவிட்டு, சனிக்கிழமை நாலு மணி நேரமும் முழுதாக ஓட வேண்டும், குறைந்தால் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும் என்று எழுதிக் கொடுத்தார். சனியை விட்டால் செவ்வாய்தான். இடையில் முழுதாக இரண்டு நாள்.

அதனால் சனிக்கிழமை அண்ணன் பத்து மணிக்கே என் வாசலில் ஹார்ன் அடித்தார். வழக்கமாக இருபத்தைந்து நிமிடத்தில் போய்விடும் தூரம். இரண்டு மணி நேரம் கையில் இருக்கிறது.

"இன்னைக்கு எவன் வந்தாலும் நம்மள நிறுத்த முடியாதுலா" என்றார்.

பத்தே கால் மணிக்குக் கிளேபாங் சாலையில் நின்றோம்.

தேங்காய் ஷேக் கடைகளுக்குள் நுழையக் காத்திருக்கும் கார்கள் சாலையின் பாதியை அடைத்திருந்தன. மீதிப் பாதியில் எங்களைப் போன்றவர்கள். அண்ணன் சளைக்கவில்லை. இடது பக்கம் ஒரு கம்பத்துச் சந்து இருக்கிறது, பஸ் ஓட்டிய காலத்திலிருந்து அவருக்கு மட்டும் தெரிந்த வழி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த வழி. திருப்பினார். சந்துக்குள் முப்பது கார்கள் முகத்தோடு முகம் முட்டி நின்றன. கைபேசி வரைபடம் எல்லாருக்கும் அந்தச் சந்தைக் காட்டிக் கொடுத்துவிட்டது. பின்னால் எடுத்து மறுபடி பெரிய சாலைக்கு வரவே முக்கால் மணி நேரம் ஆயிற்று.

நின்று நின்று போனதில் இன்ஜின் சூடேறியது. ஏர்கோனை அணைத்துவிட்டு ஜன்னல்களைத் திறந்தார். ஜூன் மாத வெயில் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

"மலாக்காவுலயே பொறந்து வளந்தவன் நான். இந்த ஊரக் கடக்க முடியலயே, யா அல்லா" என்றார் நானா.

ஜெயா அக்கா வாயில் ஒரு சின்ன ஐஸ் துண்டை ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு எங்களுக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். வியாழனுக்குப் பிறகு அக்கா அதிலும் பாதியைக் குறைத்திருந்தார். ஆனாலும் வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கினார்.

பதினொன்றே முக்கால். அண்ணன் போலீசுக்குப் போன் அடித்தார், எடுத்தவர் "ஆள் வருது" என்றார். மையத்துக்கு அடித்தார், அங்கே "முடிஞ்சவரைக்கும் சீக்கிரம் வாங்க அங்கிள்" என்றார்கள். பிறகு இறங்கி முன்னால் நடந்து போய், ஒவ்வொரு கார்க் கண்ணாடியையும் தட்டி, "நோயாளி இருக்காங்க, கொஞ்சம் ஒதுங்குங்க" என்று மலாயிலும் இங்கிலீஷிலும் கெஞ்சினார். ஒதுங்கத்தான் எல்லாரும் பார்த்தார்கள். ஒதுங்க இடம் எங்கே? ஒருவர் பாவம், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்து ஒடித்து, கடைசியில் அண்ணனைப் பார்த்துக் கையை விரித்தார். ஊருக்கே வழிகாட்டிய மனுஷன் வெயிலில் நடுச்சாலையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். ஈப்போக்காரியாம். கையில் அட்டைத் தட்டு, அதில் நாலைந்து தேங்காய் ஷேக், மேலே ஐஸ்கிரீம் உருண்டை.

"அங்கிள், ரொம்ப நேரமா வெயில்ல இருக்கீங்க, பாத்துக்கிட்டே இருந்தோம். எடுத்துக்குங்க, பரவால்ல" என்று ஜன்னல் வழியாக நீட்டினாள்.

நானா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெயா அக்கா சிரித்து, "எங்களுக்கு ஆகாதும்மா. நீ கேட்டதே போதும்" என்றார். எங்களுக்குத் தண்ணீரே அளவு. தேங்காயோ அறவே கூடாது. அதில் இருக்கும் பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறினால் இதயத்தையே நிறுத்திவிடும். இதை மையத்தில் சுவரில் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். மூன்று வருடமாக அந்தப் படத்தின் கீழ்தான் நான் படுத்திருக்கிறேன்.

நான் வாங்கிக் குடித்தேன்.

காரணம் சொல்லப் போவதில்லை. வெயில், தாகம், எரிச்சல், எல்லாம் இருந்தது. என்னால் வாயைக் கட்ட முடியவில்லை, அவ்வளவுதான். உறிஞ்சி முடித்தபோது அண்ணன் ஜன்னலுக்கு வெளியே நின்றார். கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் கையிலிருந்து கோப்பையை வாங்கிக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து வேனில் ஏறினார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று ஐம்பது.

நர்ஸ் தேவிஸ்ரீ வாசலிலேயே நின்றாள். சின்னப் பெண்தான், ஆனால் வேலையில் கறார். "நாலு மணிக்கு உங்க மூணு பேரையும் எடுத்தாகணும். ஆனா சாயந்தரம் வர்ற ஒரு பேஷண்ட் ஆஸ்பத்திரில அட்மிட் ஆயிட்டாரு. அந்த ஒரு மெஷின் மட்டும் ஆறு மணிவரைக்கும் ஃப்ரீ, அதுக்கப்புறம் வேற ஆளு வர்றாரு. டாக்டர் லெட்டர் இருக்கு, ஆன்ட்டிய அதுல போடறேன்" என்றாள்.

தனபாலன் அண்ணன் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார். காலையிலிருந்து அப்போதுதான் அவர் முகத்தில் ரத்தம் ஓடியது. ஜெயா அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு எடை பார்த்துக்கொண்டார். பிறகு நானா. பிறகு நான். என் எடையைப் பார்த்துத் தேவிஸ்ரீயின் புருவம் ஏறியது.

"நாலு கிலோ மேல இருக்கு அங்கிள். என்னா சாப்டீங்க?"

"ஒண்ணுமில்லமா. வெயில்ல கொஞ்சம் தண்ணி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயமா, வெட்கமா? அந்த மெஷின் அக்காவுக்குப் போகட்டும் என்றுதான் சொன்னேன் என்று பிறகு பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய். திட்டு வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

தேவிஸ்ரீ எழுதிக்கொண்டு திரும்பினாள். எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணன் சும்மா இருந்திருந்தால் போதும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிஸ்ஸி" என்றார். "அவரு தேங்கா ஷேக் குடிச்சாரு. முழுக் கப்பு. நான் பாத்தேன்."

தேவிஸ்ரீ நின்றாள். அண்ணனுக்குக் குரல் உடைந்தது, கோபமாகத்தான் கத்தினார். "சொல்லாம விட்டா செத்துப்போவான் மிஸ்ஸி! நான் என்ன செய்வேன்? சொல்லுங்க, நான் என்ன செய்ய முடியும்?"

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நெஞ்சில் ஒயரை ஒட்டி இதயத் துடிப்பைப் பார்த்தார்கள். அதில் ஏதோ அவர்களுக்குப் பிடிக்கவில்லை. போனில் டாக்டரிடம் கேட்டார்கள். நாலு மணி நேரம் ஓட வேண்டிய ஆள் நான் என்றாகிவிட்டது. இன்னொரு இடத்துக்கு அனுப்பலாமா என்று தேவிஸ்ரீ இரண்டு மையங்களுக்கு அடித்துப் பார்த்தாள். எங்கும் காலி இல்லை. அந்த ஒரு மெஷின் எனக்கு. ஜெயா அக்காவுக்கு நாலு மணிவரைதான்.

"மிஸ்ஸி, எனக்கு வேணாம், அக்காவப் போடுங்க" என்றேன். அதற்குள் இடது கையில் ஊசி ஏறியிருந்தது.

"மாத்த முடியாதுலா அங்கிள். இந்தச் செட் உங்களோடது, ரத்தம் ஓடிட்டு இருக்கு. சும்மா படுங்க" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

நாலு மணிக்கு அக்காவைக் கழற்றினார்கள். தேவிஸ்ரீ அவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, மூச்சு முட்டினால் செவ்வாய்வரை காத்திருக்காதீர்கள், நேரே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள் என்றாள். அக்கா தலையாட்டினார். என் கட்டிலைத் தாண்டும்போது நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தூங்கட்டும்" என்றார் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே. "நாம வெளிய இருப்போம்."

இருப்பது ஒரே வேன். இவர்களைக் கிளேபாங்கில் விட்டுவிட்டு என்னைக் கூட்டிப்போகத் திரும்பி வரலாம் என்றால், சனிக்கிழமை சாயங்கால நெரிசலில் அது நடக்கிற காரியமா? என் நாலு மணி நேரம் முடியும்வரை அக்கா உட்கார்ந்தே காத்திருக்க வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் முன்னால் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நானா ஒரு பத்திரிகையால் விசிறினார். தனபாலன் அண்ணன் தரையில் உட்கார்ந்து அக்காவின் கால்களைத் தன் மடியில் எடுத்து வைத்திருந்தார்.

ஐந்தே கால் இருக்கும். அண்ணன் நிமிர்ந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் விழித்திருப்பது தெரிந்ததும், எப்படி இருக்கிறது, பரவாயில்லையா என்று கையால் கேட்டார்.

என் இடது கை ஊசியோடு கிடந்தது. வலது கை சும்மாதான் இருந்தது. அதைத் தூக்க என்னால் முடியவில்லை.