பையில் பூத்த மூங்கில்

பாவுல ஒரு இழை அறுந்தா முடிச்சுப் போட்டுக்கலாம். தறிக்காரங்க வீட்டுல பொறந்த எனக்கு அது தெரியும். மூங்கில் பூத்தா என்ன பண்றதுன்னு யாரும் சொல்லித் தரல.

திருப்புட்குழி பக்கம் குத்தகை நிலத்துல நானும் வீட்டுக்காரரும் நர்சரி வெச்சிருக்கோம். பெரிய மூங்கில் புதர் ஒண்ணுல கழி வெட்டி, ரெண்டு கணுவுக்கு ஒரு துண்டாப் போட்டு, மணல்ல படுக்க வெச்சு, வேர் விட்டதும் பையில மாத்துவோம். கழி தடியா நேரா இருக்குதேன்னுதான் அந்தப் புதரைப் புடிச்சேன். அதுக்கு வயசு என்னன்னு கேக்கவே இல்ல. புத்தி எங்க மேயப் போச்சோ!

போன மாசம் ஒரு காலையில தண்ணி ஊத்திக்கினு இருந்தேன். முழங்கால் உயரக் கன்னு ஒண்ணு, இலையெல்லாம் கொட்டி, கணுவுக்குக் கணு நெல்லுப் பதர் மாதிரி பூ தொங்குது. மூங்கில் ஆயுசுக்கு ஒரே தடவைதான் பூக்கும், பூத்ததும் காஞ்சு செத்துடும். விதையில வந்த கன்னுக்குத் தனி வயசு. வெட்டி வெச்ச துண்டுக்கோ தாயோட வயசுதான். தாய்க்குச் சாவு வந்தா அத்தனைக்கும் வந்தாச்சு. ஒவ்வொரு பையாத் திருப்பிப் பார்த்தேன்.

"ஒண்ணுதானே, புடுங்கிப் போடு. வெளிய மூச்சு விடாத"ன்னாரு வீட்டுக்காரர்.

"உங்களுக்கென்ன! வாலாஜாபாத் அண்ணன் நிலம் முழுக்க நம்ம கன்னுதானே நிக்குது?"ன்னு கத்திட்டேன். எங்ககிட்ட கன்னு வாங்கின அந்த அண்ணனுக்கு இருக்கறதே அந்த ஒரு நிலம். உங்க பேரப்புள்ளைங்க காலத்துக்கும் வெட்டலாம்ணான்னு நான் அடிச்சு சொன்னதை நம்பித்தான் நெல்லு போடறதை விட்டுட்டு மூங்கில் வெச்சாரு.

போன் போட்டேன். மணி அடிக்கறதுக்குள்ள கட் பண்ணேன். பயம்தான், வேற என்ன. மறுபடி போட்டேன்.

"நானே கூப்புடணும்னு இருந்தேம்மா!"ன்னாரு, குரல்ல அவ்ளோ சந்தோஷம். "வரப்போரம் நாலு கன்னு பூ விட்டிருக்குது. இத்தினூண்டுலயே பூ வெச்சா யோகம்னு எங்க வீட்டுல மஞ்ச குங்குமம் வெச்சு, கற்பூரம் காட்டிச்சு. உன் கை ராசியான கைம்மா!"

எப்படியோ சொல்லிட்டேன், "அண்ணா, அது சாவறதுக்கு முன்னாடி வர்ற பூண்ணா."



"அந்த நாலுமாம்மா?"

"எல்லாமேண்ணா."