வடக்கை மறந்த முள்

ஜப்பான்காரன் காலத்தில் எனக்கு ஏழு வயது. மலாயாவில், சுங்கை பினாங்கில் பலகை வீடு. பள்ளிக்கூடத்தை மூடியதும் அண்ணன் தன் திசைகாட்டியை எனக்குக் கொடுத்துவிட்டான். எப்படித் திருப்பினாலும் அதன் நீல முள் வடக்கே போய் நிற்கும். பூமியே பெரிய காந்தமாம். வீடு முழுக்க அதை ஏந்திக்கொண்டு திரிந்தேன்.

மரவள்ளிக்கிழங்கு வைத்திருந்த மரப்பெட்டிக்கு அருகில் மட்டும் முள் வடக்கை விட்டுவிட்டுப் பெட்டியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

“கெட்டுப்போச்சுண்ணே.”

“கெட்டெல்லாம் போவலைலா. பக்கத்துல இன்னொரு காந்தம் இருந்தா, முள் அது பேச்சைத்தான் கேக்கும். நடுவுல பலகை இருந்தாலும், கிழங்கு இருந்தாலும்...”

அப்பா முறைத்தார். அண்ணன் வாயை மூடிக்கொண்டான்.

ஜப்பான்காரன் தடைசெய்திருந்த வானொலியைக் கிழங்குக்கு அடியில் அப்பா ஒளித்துவைத்திருந்தார். அதன் ஒலிபெருக்கிக்குள் இருந்ததுதான் அந்தக் காந்தம். பிடிபட்டால் அப்பா உயிரோடு திரும்பமாட்டார். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது நான் அறிந்ததெல்லாம், என் முள்ளுக்கு ஏதோ நோய் என்பதுதான்.

ஒரு நாள் காலை இரண்டு சிப்பாய்கள் சோதனைக்கு வந்தார்கள். ஒருவன் மெத்தையைக் கத்தியால் குத்திப் பார்த்தான். இன்னொருவன் குனிந்து என் கையிலிருந்ததைப் பார்த்துச் சிரித்தான். சொந்தக்காரர்கள் வந்தாலே கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்பவள் நான். அன்று என்ன வந்ததோ, திசைகாட்டியை அவனிடம் நீட்டினேன். கிழங்குப் பெட்டியைக் காட்டி, தெரிந்த மலாயில், “சானா ரோசாக்” என்றேன். அங்கே போனால் கெட்டுப்போகிறதாம்.

சிப்பாய் திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்தபடி பெட்டியை நோக்கித் திரும்பினான்.

மூலையில் சட்டை தேய்த்துக்கொண்டிருந்த அம்மா, கரி கனன்ற இஸ்திரிப்பெட்டியைக் கைப்பிடி தேடாமல் வாரிக்கொண்டு அவனை முந்தினாள். “தள்ளுடி, வழியில நின்னுக்கிட்டு!” என்று என்னை இடித்துவிட்டு, அதைக் கிழங்குப் பெட்டியின் மூடிமேல் டங்கென்று வைத்தாள்.

சிப்பாய் அருகே போனான். முள் நடுங்கித் திரும்பியது. அவன் முள்ளைப் பார்த்தான், இஸ்திரிப்பெட்டியைப் பார்த்தான்.

“பெசி!” என்றான். இரும்பு. என் மடமையை நினைத்துச் சிரித்து, தலையில் ஒரு தட்டுத் தட்டி, திசைகாட்டியைத் திருப்பிக் கொடுத்தான். இருவரும் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் பெட்டியருகே முள் ஒழுங்காக வடக்கே நின்றது.

“அப்பா, குணமாயிருச்சு!” என்று குதித்தேன். அப்பா நகத்தில் ஒட்டிய மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அம்மா இடது கையால் கிழங்கு பிசைந்துகொண்டிருந்தாள். வலது கையில் துணி சுற்றியிருந்தது.

“கைப்பிடி இருக்கறப்ப, சுடுற இரும்பை யாராச்சும் புடிப்பாங்களாம்மா?” என்று கேலி செய்தேன்.

“எனக்கு அறிவு அவ்வளவுதாண்டி” என்றாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.