ஒரு விராலுக்குத் திறந்த கேட்

வீச்சுவலை போடுகிற தொழிலில் மீனோடு மல்லுக்கட்டுகிற நேரம் குறைச்சல். கரையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவனோடு கத்துகிற நேரம்தான் அதிகம். ஓடையில் இறங்கித் திட்டு வாங்கிய அத்தனை பேருக்கும் இது தெரியும். எனக்கு வாய் நீளம் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

வேலி

விருத்தாசலத்தைத் தாண்டி மணிமுத்தாற்றில் போய் விழுகிற ஓடை ஒன்று. ரோட்டுப் பாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மடு. கோடையிலும் இடுப்பளவு தண்ணி நிற்கும், விரால் கிடக்கும். நானும் கூட்டாளி அந்தோணியும் இன்னும் நாலு பேரும் அதை நம்பித்தான் அடுப்பு மூட்டினோம். செல்போன் எல்லார் கைக்கும் வர ஆரம்பித்த சமயம், மடுவின் ரெண்டு பக்க நிலத்தையும் ஒருத்தர் வாங்கினார். கரும்பு போட்டார், கம்பி வேலி போட்டார், கரைக்குப் போகிற வண்டிப்பாதையில் இரும்புக் கேட் வைத்துப் பூட்டினார்.

"ஓடை என்ன உங்க தாத்தா வெட்டுனதா?" என்று கேட்டேன். மனுஷன் குரலை உயர்த்தவே இல்லை.

"ரெண்டு கரையும் என் பட்டா. நடுவுல ஓடுறதுக்கு மட்டும் உன்கிட்ட கையெழுத்து வாங்கணுமா?"

படம்

மறுநாளே வி.ஏ.ஓ. ஆபீஸ். எனக்குப் படிப்பு அஞ்சாவதோடு சரி; ஆனாலும் பேப்பரைக் காட்டாமல் என்னை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. வரைபடத்தை விரிக்க வைத்தேன். ஓடை புறம்போக்கு என்று பளிச்சென்று இருந்தது. வண்டிப்பாதையோ அவர் பட்டாவுக்குள் இருந்தது. "அப்புறம் எப்படிய்யா எறங்குறது?" என்று மேசையைக் குத்தினேன். வி.ஏ.ஓ. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"தண்ணி சர்க்காருது, தாராளமா புடிங்க. கால மட்டும் அவரு மண்ணுல வெச்சிடாதீங்க."

சில்லு

சரி, வைக்கவில்லை. பாலத்தடியில் இறங்கி, வலையைத் தலையில் சுமந்து, தண்ணிக்குள்ளேயே மடுவரைக்கும் நடந்தோம். பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் என் குதிகால் கிழிந்தது. வலையை இழுத்தால் காது போன டீக் கப்பு, தலை இல்லாத பொம்மை. நம்ம ஊர்ச் சூளைகளில் கழித்துப் போட்ட பீங்கானை டிராக்டரில் ஏற்றி வந்து மடுவில் கொட்டியிருந்தார் நிலத்துக்காரர். புது வலை நார் நாராகப் போயிற்று. ரத்தம் ஒழுகுகிற காலோடு வேலியோரம் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"கரை அரிக்காம இருக்கக் கொட்டுனேன். உன்ன யாரு வெறுங்கால்ல வரச் சொன்னா?"

பேரம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தையில் என் எதிரே நிலத்துக்காரர் வூட்டம்மா. மாப்பிள்ளை வந்திருக்கிறாராம், உயிர் விரால் வேண்டுமாம். சேத்தியாத்தோப்பிலிருந்து நான் வாங்கி வந்த நாலுதான் அன்றைக்குச் சந்தையிலேயே இருந்தது. விடுவேனா? காசு வேண்டாம்; வாராவாரம் ஒரு விரால் வூடு தேடி வரும்; எனக்குக் கேட் திறக்கணும் என்றேன். அந்தம்மா செல்லில் புருஷனிடம் பேசிவிட்டுத் திரும்பினார்.

"விடிஞ்சதும் வந்துட்டு எட்டு மணிக்குள்ள போயிடணும். மீனு ஒரு கிலோவுக்குக் கொறையக் கூடாது."

கிழிசல்

ஜெயித்த மிதப்பில் அந்தோணியிடம் போய்ச் சொன்னேன். ஊசியும் நூலுமாகக் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். அதிர்ந்து பேசாதவன். என்னைச் சும்மா ஏற இறங்கப் பார்த்தான்.

"ஏண்ணே, நேத்து வரைக்கும் அது நம்ம ஓடை. இனிமே ஆறு பேரும் ஆளுக்கொரு விரால் தூக்கிக்கிட்டு அவரு கேட்டுல நிக்கணும். பேசி வாங்கிட்டு வந்தியா, பேசி வித்துட்டு வந்தியா?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அடுத்த ஞாயிறு விரால் போகவில்லை, கேட்டும் திறக்கவில்லை. டயர் செருப்பு மாட்டிக்கொண்டு ஆறு பேரும் பாலத்தடியில் இறங்கினோம். மூணு நாள், கூடை கூடையாகச் சில்லை அள்ளி அவர் கேட்டுக்கு எதிரே ரோட்டோரம் குவித்தோம். நாலாம் நாள் வலை விழுந்தது.

ஒரு கெண்டைக்கு ஒரு மணி நேரம் வாயாடுகிற நான், ஏற்கெனவே எனக்கு இருந்ததுக்கு நானே விலை சொன்னது அந்த ஒரு தடவைதான்.